வாக்குச்சீட்டு உங்கள் கைக்கு வருமுன்: நகரசபைத் தேர்தலுக்கான ஆயத்தப் பாடம்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நகரசபைத் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, செப்டெம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையில் நடைபெறுகின்றது. சென்ற தேர்தல் 2024 செப்டெம்பர் 14 அன்று நடந்தது. அந்த ஒழுங்கின்படி அடுத்தது 2028 செப்டெம்பர் 9 அன்று வரும். அந்நாளில் வாக்குச்சாவடிக்குச் செல்பவர் அச்சிடப்பட்ட பெயர்களைத்தான் காண்பார். அப்பெயர்கள் எவ்வாறு அங்கே வந்தன, ஏன் அந்த வரிசையில் நிற்கின்றன என்பதை அத்தாள் கூறுவதில்லை.

தேர்தல் நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்னரே ஒரு தெரிவு நடந்து முடிந்துவிடுகின்றது என்பதையும், அத்தெரிவை ஏற்கவோ மாற்றவோ வாக்காளருக்கு எவ்வளவு இடமுண்டு என்பதையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம். இவ்வழிகாட்டி எந்தக் கட்சியையும் ஆதரிப்பதில்லை; கட்சிகளின் பெயர்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே கூறப்படுகின்றன.

1. முன்தெரிவு என்றால் என்ன?

ஒரு கட்சி தன் சார்பில் யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று முடிவு செய்யும் நடைமுறையே வேட்பாளர் முன்தெரிவு எனப்படும். அமெரிக்காவில் இதற்கென அரசே தேர்தல் நடத்துகின்றது. பல மாநிலங்களில் கட்சி உறுப்பினர் அல்லாதவர்களும் அதில் வாக்களிக்கலாம். அவுஸ்திரேலியாவில் இது கட்சியின் உள்விவகாரம். பொதுவாகக் கட்டணம் செலுத்திய உறுப்பினர்களே இதில் பங்கு பெறுவர். சில வேளைகளில் கட்சித் தலைமையே நேரடியாக முடிவு செய்வதும் உண்டு.

முன்தெரிவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் முயற்சிகளும் இங்கு நடந்துள்ளன. 2010ஆம் ஆண்டு விக்டோரியாவின் கில்சித் தொகுதியில் தொழிற்கட்சியும், நியூ சவுத் வேல்ஸின் டாம்வர்த் தொகுதியில் நஷனல் கட்சியும் உறுப்பினர் அல்லாத வாக்காளர்களையும் வேட்பாளர் தெரிவில் சேர்த்துக்கொண்டன. டாம்வர்த்தில் அவ்வாறு தெரிவான கெவின் அண்டர்சன் 2011 மாநிலத் தேர்தலில் வெற்றி பெற்றார். 2012இல் சிட்னி மாநகர முதல்வர் பதவிக்கான தன் வேட்பாளரைத் தொழிற்கட்சி இம்முறையில் தெரிவு செய்தது. உறுப்பினர்களின் வாக்குகளுக்கும் ஏனைய நகரவாசிகளின் வாக்குகளுக்கும் சம எடை தரப்பட்டது. லிண்டா ஸ்கொட் தெரிவானார். எனினும் அவ்வாண்டு செப்டெம்பரில் நடந்த தேர்தலில் சுயேச்சையாளரான குளோவர் மூரே மீண்டும் மாநகர முதல்வரானார். இம்முயற்சிகள் நிலையான வழக்கமாகவில்லை. இன்றும் பெரும்பாலான இடங்களில் முன்தெரிவு சிலருடைய கையிலேயே உள்ளது.

யார் தெரிவாகலாம் என்பதை முதலில் வரையறுத்துவிட்டுப் பின்னர் தெரிவு செய்வது தமிழருக்குப் புதிய செய்தியன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும் உடையவரே பொதுவாகத் தகுதி பெற்றனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். குடத்திலிருந்து ஓலையை எடுத்தது ஒரு சிறுவனின் கை. ஆனால் எந்த ஓலைகள் குடத்துக்குள் செல்லும் என்பதை முன்னரே விதிகள் தீர்மானித்துவிட்டன. கணக்குக் காட்டாதவரை விலக்கிய அதே விதிகள்தான் நிலமற்றவரையும் விலக்கின. இன்றைய முன்தெரிவையும் இக்கண்கொண்டு நோக்குதல் நன்று.

2. முன்தெரிவு உங்கள் வாக்கை எவ்வாறு பாதிக்கின்றது?

முதலாவது, யார் போட்டியிடுகின்றார் என்பது அங்கேதான் முடிவாகின்றது. 2024ஆம் ஆண்டுத் தேர்தலுக்கான வேட்புமனுக்கள் ஆகஸ்ட் 14 நண்பகலுடன் முடிவடைந்தன. லிபரல் கட்சி தான் தெரிவு செய்திருந்த வேட்பாளர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் மனுக்களை அந்நேரத்துக்குள் கையளிக்கத் தவறியது. இதனால் சில வட்டாரங்களில் அக்கட்சிக்கு வாக்களிக்க விரும்பியவர்களுக்கும் அவ்வாய்ப்பு இல்லாமற் போயிற்று. கட்சி அலுவலகத்தில் நேர்ந்த ஒரு தாமதம் வாக்காளரின் தெரிவைக் குறைத்தது.

இரண்டாவது, வேட்பாளர்களின் வரிசையும் அங்கேதான் முடிவாகின்றது. நகரசபை உறுப்பினர் தேர்தலில் ஒரு வட்டாரத்திலிருந்து பலர் தெரிவாவதுண்டு. மூவர் தெரிவாக வேண்டிய வட்டாரத்தில் 20,000 செல்லுபடியான வாக்குகள் பதிவாயின என்று கொள்வோம். 20,000ஐ நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 5,001 வரும். அவ்வளவு வாக்குப் பெற்றவர் தெரிவாவார். ஒரு குழுவுக்குக் கிடைக்கும் வாக்குகள் முதலில் அக்குழுவின் முதற்பெயருக்கே சேரும். அவருக்குத் தேவையானவை போக எஞ்சியவையே இரண்டாம் பெயருக்குச் செல்லும். ஆகவே பெருங்கட்சியின் பட்டியலில் முதலிடம் பெற்றவர் பெரும்பாலும் உறுப்பினராவார். மூன்றாம் இடத்தில் நிற்பவர் அவ்வாறாவது அரிது.

நம் சமூகத்தவர் ஒருவரின் பெயர் ஒரு கட்சியின் பட்டியலில் இருப்பதைக் கண்டு மகிழ்வோர் அப்பெயர் எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பதையும் கவனிக்க வேண்டும். வெற்றி வாய்ப்புள்ள இடமா, வாக்குத் திரட்டுவதற்காக மட்டும் தரப்பட்ட இடமா என்பதை அவ்வரிசை எண்ணே பெரும்பாலும் காட்டிவிடும்.

3. முன்தெரிவில் பங்குபெற விரும்புவோர் அறிய வேண்டியவை

கட்சியில் சேர்வது உங்கள் உரிமை. சேராதிருப்பதும் உங்கள் உரிமை. சேர விரும்பினால் பின்வருவனவற்றை முன்னரே கேட்டறியுங்கள்:

• உறுப்பினராவதற்கான தகுதியும் ஆண்டுக் கட்டணமும் யாவை?
• முன்தெரிவில் வாக்களிக்கும் உரிமை பெற எவ்வளவு காலம் உறுப்பினராக இருக்க வேண்டும்? எத்தனை கிளைக் கூட்டங்களுக்குச் சமுகமளித்திருக்க வேண்டும்?
• வேட்பாளரை உறுப்பினர்கள் தெரிவு செய்வார்களா, தலைமை நியமிக்குமா?

விதிகள் கட்சிக்குக் கட்சி வேறுபடும். தேர்தல் ஆண்டில் சேர்ந்தால் காலம் கடந்துவிடக்கூடும் என்பதால், ஆர்வமுள்ளோர் முன்கூட்டியே விசாரிப்பது நலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. முன்தெரிவில் தமக்கு வேண்டியவரை வெல்லச் செய்வதற்காக, கட்சியில் உண்மையான ஈடுபாடு இல்லாதவர்களைத் தொகையாகச் சேர்த்து, அவர்களுடைய கட்டணத்தையும் தாமே செலுத்திக் கிளையை நிரப்பும் தீய வழக்கம் ஒன்று உண்டு. விக்டோரியாவின் ஊழல் எதிர்ப்பு ஆணைக்குழுவும் ஒம்புட்ஸ்மன் அலுவலகமும் 2022 ஜூலையில் வெளியிட்ட கூட்டறிக்கை இவ்வழக்கத்தை விரிவாக ஆராய்ந்தது. பொதுப்பணத்தில் ஊதியம் பெற்ற அலுவலர்கள் தொழிற்கட்சியின் உட்பிரிவு ஒன்றின் வேலைக்குப் பயன்படுத்தப்பட்டதையும் அது வெளிப்படுத்தியது. இத்தகைய ஆட்சேர்ப்பு எந்தக் கட்சியிலும் நிகழக்கூடியது. ஒரே மொழியும் நெருங்கிய உறவும் உள்ள குடியேறிய சமூகங்கள் இதற்கு எளிதில் ஆளாகின்றன.

மதிப்புக்குரிய ஒருவர் கேட்கும்போது மறுத்துரைப்பது நம்மவருக்குக் கடினம். எனினும், "படிவத்தில் ஒப்பமிட்டால் போதும், கட்டணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கின்றோம்" என்று எவரேனும் கூறினால் பணிவுடன் மறுத்துவிடுங்கள். படிவத்தை நீங்களே வாசித்து, கட்டணத்தை நீங்களே செலுத்தி, அஞ்சலில் வரும் வாக்குச்சீட்டை நீங்களே நிரப்புங்கள். அவ்வாறு செய்ய விருப்பமில்லையெனில் அக்கட்சியில் சேராதிருப்பதே நேர்மையாகும்.

4. வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர்

முன்தெரிவு சிலருக்குரியது, தேர்தலோ எல்லோருக்கும் உரியது. 18 வயது நிறைந்த அவுஸ்திரேலியக் குடிமக்கள் அனைவரும் பதிவு செய்து வாக்களிப்பது கட்டாயம். 16 வயதிலேயே முற்பதிவு செய்துகொள்ளலாம். ஒரு முறை பதிவு செய்தால் மத்திய, மாநில, உள்ளூராட்சித் தேர்தல்கள் மூன்றுக்கும் அது போதுமானது. வீடு மாறியவர்கள் புதிய முகவரியில் ஒரு மாதம் வசித்ததும் விவரத்தைத் திருத்த வேண்டும்.

தேர்தல் அறிவித்த பின் பதிவு செய்யலாம் என்று காத்திருத்தல் தவறு. 2024இல் பட்டியல் ஆகஸ்ட் 5 அன்று மாலை 6 மணிக்கு மூடப்பட்டது. அதாவது வாக்களிப்புக்கு 40 நாள்களுக்கு முன்பு. தகுந்த காரணமின்றி வாக்களிக்கத் தவறியவருக்கு நியூ சவுத் வேல்ஸில் 55 டொலர் அபராதம் விதிக்கப்படுகின்றது.

நிரந்தர வதிவுரிமை மட்டும் உடையவர்கள் நியூ சவுத் வேல்ஸ் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. குடியுரிமை பெற்றவுடன் பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

5. இலக்கங்களை இடும் முறை

இந்தியாவில் வாக்களித்தவருக்கு இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தும் பழக்கம் உண்டு. இலங்கையின் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தவருக்குக் கட்சிக்கும் வேட்பாளரின் இலக்கத்துக்கும் புள்ளடி இடும் பழக்கம் உண்டு. இங்கு அவ்விரண்டும் பயன்படா. 1, 2, 3 என்று இலக்கங்களை எழுத வேண்டும்.

இலங்கையில் இதற்கு நெருங்கியது ஜனாதிபதித் தேர்தல். அதில் வாக்காளர் 1, 2, 3 என விருப்பு வாக்குகளை இடலாம். 2024 செப்டெம்பர் 21 அன்று நடந்த தேர்தலில் எவரும் ஐம்பது சதவீதத்தைத் தாண்டாமையால், முதன்முறையாக இரண்டாம் விருப்புகளும் எண்ணப்பட்டன. அதனைக் கவனித்திருந்தோருக்கு இங்குள்ள நகர முதல்வர் தேர்தல் எளிதில் விளங்கும். (சில நகரசபைகளில் முதல்வரை மக்களே தெரிவு செய்கின்றனர், ஏனையவற்றில் உறுப்பினர்கள் தமக்குள் ஒருவரை இரண்டு ஆண்டுகளுக்குத் தெரிவு செய்கின்றனர்.)

முதல்வர் தேர்தலில் 1 என்று ஓர் இலக்கம் இட்டாலே வாக்கு செல்லும். மேலும் இடுவது உங்கள் விருப்பம். ஆனால் ஒன்றோடு நிறுத்துவதால் நேரக்கூடியதை ஒரு கணக்கால் காண்போம். அ, ஆ, இ, ஈ என நால்வர் போட்டியிட, 1,000 வாக்குகள் பதிவாயின என்று வைத்துக்கொள்வோம்.

முதற்சுற்று: அ 380, ஆ 330, இ 190, ஈ 100.

எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. ஈ நீக்கப்படுகின்றார். அவருடைய 100 சீட்டுகளில் 20 அ-வுக்கும் 40 ஆ-வுக்கும் செல்கின்றன. 40 சீட்டுகளில் 1 மட்டுமே எழுதப்பட்டிருந்தது, அவை ஒதுக்கப்படுகின்றன.

இரண்டாம் சுற்று: அ 400, ஆ 370, இ 190, ஒதுக்கப்பட்டவை 40.

இ நீக்கப்படுகின்றார். அவருடைய 190இல் 40 அ-வுக்கும் 110 ஆ-வுக்கும் சேர்கின்றன; மேலும் 40 ஒதுக்கப்படுகின்றன.

இறுதிச் சுற்று: அ 440, ஆ 480, ஒதுக்கப்பட்டவை 80.

ஆ வெற்றி பெறுகின்றார். வாக்கு வித்தியாசம் 40. ஒதுக்கப்பட்ட சீட்டுகளோ 80. அந்த எண்பது பேரும் முறைப்படி வாக்களித்தவர்களே. ஆயினும் இறுதி இருவருள் யார் என்ற கேள்வி வந்தபோது அவர்களுடைய சீட்டுகளில் விடை இருக்கவில்லை. இதனாலேயே, உங்களுக்கு ஓரளவேனும் கருத்துள்ள வேட்பாளர்கள் அனைவருக்கும் இலக்கமிடுவது நன்று. உங்கள் இரண்டாம் விருப்பு உங்கள் முதல் விருப்புக்கு ஒருபோதும் தீங்கு செய்யாது. முதல்வர் போட்டியிலிருந்து நீங்கிய பின்னரே இரண்டாவது பார்க்கப்படும்.

குழுக்கள் போட்டியிடும் உறுப்பினர் தேர்தலில் வாக்குச்சீட்டின் குறுக்கே ஒரு கோடு இருக்கும். இரண்டு வழிகளில் ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள்.

கோட்டுக்கு மேல்: ஒரு குழுவின் கட்டத்தில் 1 என்று இடுக. விரும்பினால் ஏனைய குழுக்களுக்கு 2, 3 என்று தொடரலாம். இவ்வழியில், குழு தந்த வரிசையை, அதாவது முன்தெரிவின் முடிவை, நீங்கள் அப்படியே ஏற்கின்றீர்கள்.

கோட்டுக்குக் கீழ்: வேட்பாளர் பெயர்களுக்கு நேரே இலக்கமிடுக. தெரிவாக வேண்டிய உறுப்பினர் தொகையில் குறைந்தது பாதியளவு பெயர்களுக்கு இட வேண்டும். மூவர் தெரிவாவதாயின் இரண்டு, ஐவராயின் மூன்று. மேலும் இடலாம். கட்சி மூன்றாம் இடத்தில் வைத்தவரை நீங்கள் முதலிடத்தில் வைக்கலாம். வெவ்வேறு குழுக்களிலிருந்தும் பெயர்களைத் தெரியலாம். முன்தெரிவின் வரிசையை மாற்றும் வாய்ப்பு உறுப்பினர் அல்லாதவருக்கு இங்கேதான் கிடைக்கின்றது.

6. மெல்பேர்ணுக்குக் குடிபெயர்வோர் கவனத்துக்கு

விக்டோரியாவில் விதிகள் வேறு. அங்கு அக்டோபர் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை தேர்தல் நாளாகும். 2024இல் எல்லாச் சபைகளுக்கும் வாக்களிப்பு அஞ்சல் மூலமே நடந்தது. சீட்டை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அஞ்சலிட வேண்டியிருந்தது. மெல்பேர்ண் மாநகரசபைக்குத் தனிச் சட்டம் உண்டு. ஏனைய சபைகளில் எல்லாக் கட்டங்களுக்கும் இலக்கமிட வேண்டும். சிட்னியில் இருந்த பழக்கத்தில் 1 மட்டும் எழுதினால் வாக்கு வீணாகும். அவ்வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர்கள் அச்சிடப்படுவதில்லை. ஆகையால் வேட்பாளர் கட்சி சார்ந்தவரா என்பதைச் சீட்டுடன் வரும் வேட்பாளர் கூற்றுகளிலிருந்தும், நேரில் வினவியும் அறிய வேண்டும். குடியுரிமை இல்லாதவராயினும், தாம் வசிக்கும் வீட்டுக்கு வரி செலுத்துவோர் தம் பெயரைச் சேர்க்குமாறு சபைக்கு விண்ணப்பிக்க விக்டோரியாவில் இடமுண்டு.

மத்திய பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கும் எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். சிட்னியின் மேற்குப் பகுதித் தொகுதிகளில் மத்திய தேர்தலில் செல்லுபடியற்ற வாக்குகள் நாட்டின் சராசரியைவிட மிகுதியாக உள்ளன. ஒரே வாக்காளர் வெவ்வேறு தேர்தல்களில் வெவ்வேறு விதிகளைப் பின்பற்ற வேண்டியிருப்பதும், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதோர் அங்கு மிகுதியாக வாழ்வதும் அதற்குக் கூறப்படும் காரணங்கள். எனவே எத்தேர்தலாயினும், இலக்கமிடுமுன் சீட்டின் தலைப்பில் உள்ள அறிவுறுத்தலை வாசியுங்கள். பிழை நேர்ந்தால் சீட்டை அலுவலரிடம் திருப்பிக் கொடுத்துப் புதியது பெறலாம்.

7. வேட்பாளரிடம் வினவத்தக்கவை

நகரசபை குப்பை அகற்றல், நூலகங்கள், பூங்காக்கள், உள்ளூர்த் தெருக்கள், கட்டட விண்ணப்பங்கள் முதலியவற்றைக் கவனிக்கின்றது. விசா, மருத்துவமனை, ரயில் ஆகியன அதன் அதிகாரத்துள் அடங்கா. அவற்றைத் தருவதாக வாக்களிக்கும் வேட்பாளரிடம், எந்த அதிகாரத்தின்கீழ் அதைச் செய்வார் என்று கேளுங்கள். மேலும் கேட்கத்தக்கவை:

• உங்கள் பட்டியலின் வரிசையை யார், எவ்வாறு தீர்மானித்தனர்?
• நூலகத்தில் தமிழ் நூல்கள், முதியோர் ஒன்றுகூடும் மண்டபம் ஆகியவை குறித்து உங்கள் நிலைப்பாடு என்ன?
• உங்கள் தேர்தல் செலவுக்கு நன்கொடை அளித்தோர் யாவர்?

மூன்றாம் வினா மரியாதைக் குறைவானதன்று. நியூ சவுத் வேல்ஸில் காணி அபிவிருத்தியாளர்களிடமிருந்து அரசியல் நன்கொடை பெறுவது சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது.

சாவடிக்கு வெளியே கட்சியினர் தரும் அட்டைகள் அவர்களுடைய வேண்டுகோள் மட்டுமே. பின்பற்றக் கடமை இல்லை. அவற்றை வாங்காமலும் செல்லலாம். விக்டோரியாவும் தென் அவுஸ்திரேலியாவும் 1856இலேயே இரகசிய வாக்குச்சீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. உங்கள் வாக்கை உங்கள் துணைவருக்கோ, பிள்ளைகளுக்கோ, சங்கத் தலைவருக்கோ காட்ட வேண்டிய அவசியம் இல்லை. பெற்றோரின் சீட்டைப் பிள்ளைகள் தம் விருப்பப்படி நிரப்புவதும் குற்றமாகும். வாசிக்க இயலாதவர்கள் தாம் நம்பும் ஒருவரையோ சாவடி அலுவலரையோ உதவிக்கு அழைக்கலாம். அவர் வாக்காளர் சொன்னபடியே எழுத வேண்டும்.

8. பயிற்சி

அ. நான்கு உறுப்பினர் தெரிவாக வேண்டிய வட்டாரத்தில் கோட்டுக்குக் கீழ் வாக்களிப்பவர் குறைந்தது எத்தனை பெயர்களுக்கு இலக்கமிட வேண்டும்?
ஆ. உங்களுக்குப் பிடித்த வேட்பாளர் தம் குழுவில் மூன்றாவதாக நிற்கின்றார். கோட்டுக்கு மேல் 1 இட்டால் உங்கள் வாக்கு முதலில் யாருக்குச் சேரும்?
இ. மெல்பேர்ண் புறநகர்ச் சபை ஒன்றுக்கு அறுவர் போட்டியிடுகின்றனர். 1, 2, 3 மட்டும் இட்ட சீட்டு செல்லுமா?
ஈ. உறவினர் ஒருவர் உங்களுக்காகக் கட்சிக் கட்டணம் செலுத்த முன்வருகின்றார். உங்கள் விடை என்ன?

விடைகள்: அ. இரண்டு. ஆ. குழுவின் முதற்பெயருக்கு, உங்கள் வேட்பாளரை முன்னிறுத்தக் கோட்டுக்குக் கீழ் இலக்கமிட வேண்டும். இ. செல்லாது, ஆறு கட்டங்களும் நிரப்பப்பட வேண்டும். ஈ. மூன்றாம் பகுதியை மீண்டும் வாசித்து, வீட்டில் உள்ளோருடன் உரையாடுக.

உதவி பெற: பதிவு தொடர்பாக அவுஸ்திரேலியத் தேர்தல் ஆணைக்குழு 13 23 26, வாக்களிப்பு தொடர்பாக நியூ சவுத் வேல்ஸ் தேர்தல் ஆணைக்குழு 1300 135 736, விக்டோரியத் தேர்தல் ஆணைக்குழு 131 832. தமிழில் பேச விரும்புவோர் முதலில் மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற இலக்கத்தில் அழைத்து, "தமிழ்" என்று கூறி, மேற்கண்ட அலுவலகங்களுள் ஒன்றுடன் இணைக்குமாறு கேட்கலாம்.